பஸ் புத்தகத்தின் பின்னட்டைத் தாள்

சிறு வயதில் நான் படித்த கதைப் புத்தகங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே வாசனைதான். லேத்தில் இரும்பைக் கடையும்போது சூடேறாமல் இருக்க மேலே விட்டுக்கொண்டே இருப்பார்களே, பால் கலந்த தண்ணீர்போல் இருக்கும் "கூலன்ட்", அதன் வாசனை. எத்தனை முறை சோப்புப் போட்டாலும் தொழிற்சாலைக்காரர்களின் விரல் இடுக்கிலிருந்து அது போகாது. அந்த விரல்கள் புரட்டிய பக்கங்களிலிருந்தும் போகாது. சில புத்தகங்களில் மட்டும் அதற்கு அடியில் இன்னொரு வாசனை இருக்கும். பக்கங்களின் ஓரத்தில் அங்கங்கே இளஞ்சிவப்பாக ஒரு கறை, அதில் மூக்கை வைத்தால் தக்காளி. கூலன்ட் வாசனை எப்படி வந்தது என்று எனக்குத் தெரியும். தக்காளி எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ள ஒன்றரை வருடம் ஆயிற்று.

அந்தப் புத்தகங்களில் ஒன்று இன்னும் என்னிடம் இருக்கிறது. மூன்று வாரத்துக்கு முன்னால் அதை என் மகள் மித்ரா என்னைக் கேட்காமல் அலமாரியிலிருந்து எடுத்துப் பள்ளிக்கூடப் பைக்குள் போட்டுக்கொண்டு போனாள். அன்றைக்கு அவள் என்னைப் படுத்திய பாடு தனிக் கதை. அதைக் கடைசியில் சொல்கிறேன். புத்தகம் படிப்பதும், படித்ததைப் பற்றி எழுதுவதும், எழுதி முடித்ததும் அந்தப் புத்தகத்தை யார் தலையிலாவது கட்டிவிடுவதும்தான் இப்போது என் அன்றாடம். ஓசூரில் எங்கள் குடியிருப்பின் லிஃப்ட் பக்கத்தில் ஒரு மரப்பெட்டியை வைத்து, எழுதி முடித்தவற்றை அதில் போட்டுவிடுவேன். எடுத்துப் போகிறவர்கள் பாதிப்பேர் திருப்பித் தருவதில்லை, அதில் எனக்குச் சந்தோஷம்தான். மதிப்புரை எழுத எங்கே பழகினீர்கள் என்று கேட்பவர்களிடம், கம்பெனி பஸ்ஸில் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். உண்மையில் நான் அந்த பஸ்ஸில் ஏறியது ஒரே ஒரு நாள்தான்.

அப்போது நாங்கள் உத்தனப்பள்ளியில் இருந்தோம். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். அப்பாவை நாங்கள் "நைனா" என்றுதான் கூப்பிடுவோம். நைனா ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் லேத் ஆபரேட்டர். ராயக்கோட்டையில் விடிவதற்குள் கிளம்பும் கம்பெனி பஸ் எங்கள் ஊர் ரோட்டில் நின்று ஆட்களை ஏற்றிக்கொண்டு போகும். அந்த பஸ்ஸில் டூல் ரூம்காரர் சூசையண்ணன், தன் சீட்டுக்கு அடியில், ஸ்பேனர் போடுகிற காக்கிப் பை ஒன்றில் கதைப் புத்தகங்களை வைத்திருந்தார். போக அரை மணிக்கு மேல், வர அரை மணிக்கு மேல், இதை எல்லோரும் தூங்கியே தீர்க்கிறார்களே என்று அவருக்கு வருத்தம். அதனால் திங்கட்கிழமை ஆளுக்கொரு புத்தகம் கொடுப்பார், அடுத்த திங்கட்கிழமை வாங்கிக்கொள்வார். ஒவ்வொரு புத்தகத்தின் பின்னட்டையிலும் உள்பக்கம் கோடு போட்ட தாள் ஒன்றை ஒட்டியிருப்பார். படித்தவர் அதில் பெயரைப் போட்டு இரண்டு வரியாவது எழுத வேண்டும். "அபிப்ராயம் இல்லன்னா அடுத்த புக்கு கெடையாது" என்பது அவர் சட்டம். உத்தனப்பள்ளி தாண்டியதும் அவர் எழுந்து நின்று, கம்பியைப் பிடித்துக்கொண்டு, வந்த அபிப்ராயங்களைச் சத்தமாக வாசிப்பார். பஸ் முழுக்க விசிலும் கிண்டலுமாக ஓசூர் போய்ச் சேரும்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. நைனாவுக்குத் தமிழ் படிக்க வராது. கர்நாடக எல்லைக்கு அந்தப் பக்கம் தாய்மாமன் வீட்டில் தங்கி, கன்னட மீடியத்தில் படித்தவர் அவர். தமிழ் பேசினால் யாரும் வித்தியாசம் சொல்ல முடியாது. ஆனால் தமிழ் எழுத்தில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் பஸ் போர்டு அளவுதான். எங்கள் பக்கத்தில் இது அதிசயமில்லை. ஆனாலும் அந்த முதல் திங்கட்கிழமை, சூசையண்ணன் நைனாவின் கையில் புத்தகத்தைத் திணித்தபோது, இத்தனை பேருக்கு நடுவில் எப்படிச் சொல்வது என்று வாய் எழவில்லையாம்.

"எல்லாரும் வாங்கினாங்க, நானும் வாங்கிட்டேன்" என்று அம்மாவிடம் சொன்னார்.

"வாங்கி? அரிசி டிரம்மு மேல வெச்சு அழகு பாக்கறதா?" என்றாள் அம்மா.

அரிசி டிரம்மின் மேல் வைத்ததை இரண்டே நாளில் நான் படித்து முடித்தேன். எங்கள் வீட்டுக்குள் வந்த முதல் கதைப் புத்தகம் அது. பள்ளிக்கூடத்தில் இருந்த புத்தக பீரோவின் சாவி தொலைந்து பல வருடம் ஆகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம்தான் நைனாவுக்குச் சட்டம் ஞாபகம் வந்தது.

"பாப்பா, அதுல ஏதோ எழுதணுமாம். நல்லா இருக்குன்னு ரெண்டு வரி எழுதிடு."

"நல்லா இல்லியே நைனா."

சட்டையை மடித்துக்கொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார். "நல்லா இல்லியா? அவ்ளோ பெரிய புக்கு! ஏன் நல்லா இல்ல?"

நான் கதையைச் சொன்னேன். கதாநாயகன் மனைவியை ஓங்கி அறைகிறான், அவள் அடுத்த பக்கத்திலேயே அவனுக்குக் காபி கொண்டுவந்து சிரிக்கிறாள். அதைக் கேட்டதும் அம்மா அடுப்படியிலிருந்து ஒரு சத்தம் எழுப்பினாள். அதை அப்படியே எழுத முடியாது என்பதால் நான் கொஞ்சம் நாகரிகமாக எழுதினேன்: "அறை வாங்கியவள் அடுத்த பக்கத்தில் சிரிக்கிறாள். எழுதியவர் யாரிடமும் அறை வாங்கியதில்லை என்று தெரிகிறது." கீழே "நாராயணப்பா, மெஷின் ஷாப்" என்று போட்டேன்.

மறுநாள் மத்தியானம் நைனா பஸ்ஸிலிருந்து இறங்கி நடந்து வந்த நடையே வேறாக இருந்தது. அந்த வரியைக் கேட்டுச் சிரித்த சிரிப்பில் டிரைவர் வண்டியை ஓரங்கட்டிவிட்டாராம். அன்றிலிருந்து பஸ்ஸில் அவருக்கு "விமர்சகர்" என்று பெயர். "விமர்சகருக்கு ஜன்னல் சீட்டு வுடுங்கடா" என்று எழுந்து இடம் கொடுத்தார்களாம்.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒரு புது வழக்கம் வந்தது. நைனா வேலை முடிந்து வந்து, குளித்து, தட்டில் கையை வைத்ததும், "இன்னிக்கி எவ்ளோ பக்கம்?" என்று கேட்பார். படித்த வரைக்கும் நான் கதை சொல்ல வேண்டும். பஸ்ஸில் யாராவது குறுக்குக் கேள்வி கேட்டால் அவர் பதில் சொல்ல வேண்டுமே. ஆனால் கொஞ்ச நாளில் அந்தக் காரணம் மறந்துபோய், அவருக்கே தாங்க முடியாமல் போயிற்று. கதையில் யாராவது கஷ்டப்பட்டால் சோறு இறங்காது. "இவன எவன் அங்க போகச் சொன்னது?" என்று என்னைத் திட்டுவார், ஏதோ நான்தான் அனுப்பிவைத்ததுபோல.

எனக்கோ கதையைவிடப் பின்னட்டைத் தாள்தான் ருசியாக இருந்தது. குறிப்பாக, "பீட்டர், பெயின்ட் ஷாப்" என்று கையெழுத்திட்ட ஒருவர். குண்டு குண்டான எழுத்து, எடுத்ததும் சண்டை. நான் புகழ்ந்ததை அவர் கிழிப்பார். அவர் புகழ்ந்ததை நான் விடமாட்டேன். ஒருமுறை எனக்குப் பிடித்த கதையின் கீழே, "நாராயணப்பா இதற்கு அழுதாராம். வெங்காயம் உரித்திருப்பார்" என்று எழுதியிருந்தார். அடுத்த புத்தகத்தில், "பீட்டர் அண்ணன் சிரித்த இடத்தில் எனக்குக் கொட்டாவி வந்தது" என்று பதில் கொடுத்தேன். பெரிய மீசை, கணீர்க் குரல், முரட்டு உடம்பு என்று அவரை மனதுக்குள் வரைந்து வைத்திருந்தேன். தக்காளிக் கறை இருந்ததெல்லாம் அவர் கைக்குப் போய்வந்த புத்தகங்களில்தான். பெயின்ட் அடிக்கிறவர் ஏன் தக்காளி தின்றுகொண்டே படிக்கிறார் என்று யோசித்திருக்கிறேன்.

நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது ஆயுத பூஜை வந்தது. எங்கள் பக்கத்தில் அன்றைக்குத்தான் தொழிற்சாலை வாசல் குடும்பங்களுக்குத் திறக்கும். மெஷின்களுக்கு மாலை, பஸ்ஸின் முகப்பில் வாழைக்கன்று, கேன்டீனில் கேசரி. அந்த வருடம் சூசையண்ணன் ஒரு ஏற்பாடு செய்தார். பஸ்ஸில் எல்லோரையும் ஒரு சுற்று வந்துவிட்ட நாவல் ஒன்று இருந்தது. சரக்கோடு காணாமல் போன லாரி டிரைவரைத் தேடி அவன் மனைவி ஊர் ஊராகப் பஸ் ஏறிப் போகும் கதை. அதைப் பற்றி ஒவ்வொருவரும் புதிதாக ஒரு பக்கம் எழுதி வந்து, கேன்டீனில், குடும்பங்களுக்கு முன்னால் தாங்களே வாசிக்க வேண்டும். "முடிச்சு வெக்கறது நம்ம விமர்சகர்தான்" என்று அறிவித்தும்விட்டார்.

நைனா அன்றைக்குச் சாப்பிடவில்லை.

"தெரிஞ்சுபோச்சுன்னா அவ்ளோதான் பாப்பா. ஏமாத்துக்காரன்னு ஆயிடும். அப்புறம் பையிலருந்து ஒரு புக்கு குடுக்கமாட்டாரு."

அவருக்கு மானம். எனக்கு அந்தக் காக்கிப் பை. அது நின்றுவிட்டால் அரிசி டிரம்மின் மேல் மறுபடியும் ஒன்றும் இருக்காது. உடம்பு சரியில்லை என்று லீவு போடச் சொன்னாள் அம்மா. ஆயுத பூஜையன்று தன் மெஷினுக்குப் பொட்டு வைக்காமல் வீட்டில் உட்கார நைனா சம்மதிக்கவில்லை.

வழி கண்டுபிடித்தவர் அவர்தான். நான் எழுதியதை வரி வரியாக வாசிக்கச் சொன்னார். கேட்டுக் கேட்டு, தமிழை அப்படியே கன்னட எழுத்தில் ஒரு தாளில் எழுதிக்கொண்டார். முடித்துவிட்டு வாசித்துக் காட்டினார் பாருங்கள், தங்குதடையில்லாமல், ரேடியோவில் செய்தி வாசிப்பதுபோல். அம்மா கையைத் தட்டிவிட்டாள். வாசிக்கக் கன்னட எழுத்துத் தாள். சூசையண்ணன் கேட்டால் கொடுக்க என் கையெழுத்தில் தமிழ்த் தாள். இரண்டையும் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

அன்றைக்கு நான் அந்த பஸ்ஸில் ஏறினேன். ஜன்னல் சீட்டில் உட்கார்ந்தேன். வாழைக்கன்று ஆடுவதைப் பார்க்கக்கூட மனம் ஓடவில்லை. கேன்டீன் மேடையில் அளவெடுக்கும் வெர்னியர், ஸ்பேனர், சுத்தியல்களோடு அந்த நாவலையும் வைத்து, சந்தனம் தெளித்துக் குங்குமம் இட்டிருந்தார்கள். "சாமிக்கு வெச்ச புக்க இன்னிக்கி தொடக்கூடாது" என்று யாரோ சொல்ல, "அதுக்குத்தான் தாள்ல எழுதச் சொன்னேன்" என்றார் சூசையண்ணன். ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகும் கிறிஸ்தவர் அவர். ஆனால் அன்றைக்கு மேடைக்கு அவர்தான் காவல்.

ஒவ்வொருவராக வாசித்தார்கள். பீட்டர் என்று கூப்பிட்டதும் எழுந்து வந்தவரைப் பார்த்து எனக்குப் பெரிய ஏமாற்றம். ஒல்லி, மீசையென்று சொல்லும்படி ஒன்றுமில்லை, குரல் முதல் வரிசைக்கே கேட்கவில்லை. ஆனால் எழுதியது பீட்டரேதான்: "இவளுக்குப் பசிக்கவே பசிக்காதா? எட்டு ஊர் சுற்றியும் ஒரு டீகூடக் குடிக்கவில்லை. தேடுகிறவளுக்கு வயிறு இல்லையா?"

கடைசியில் நைனா. தாளைப் பிரித்தார், வாசித்தார். "லாரிக்காரன் கிடைத்ததும் கதையை முடித்துவிட்டார்கள். ஆனால் இவள் எட்டு ஊர் பார்த்துவிட்டாள். தனியாகப் பஸ் ஏறவும், வழி கேட்கவும், போலீஸ்காரரிடம் சத்தம் போடவும் பழகிவிட்டாள். இனிமேல் இவள் பழையபடி கதவுக்குப் பின்னால் நின்று பேசுவாளா? அதைத்தான் எழுதியிருக்க வேண்டும்."

கேன்டீன் முழுக்கக் கைதட்டல். எனக்குப் பின்னால் யாரோ ஒரு பெண், "அப்பிடிக் கேளு!" என்றாள். நைனா என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எல்லாம் கெட்டது. சூசையண்ணன் கையை நீட்ட, சந்தோஷத்தில் திளைத்திருந்த மனிதர், சட்டைப் பையில் இருந்ததை மறந்து, கையில் இருந்ததையே கொடுத்துவிட்டார்.

சூசையண்ணன் தாளைப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். "என்னாப்பா நாராயணப்பா, முறுக்கு சுத்தி வெச்சிருக்க?"

பக்கத்தில் நின்ற கெம்பண்ணா, ஆனேக்கல் பக்கத்துக்காரர், தாளை வாங்கி இரண்டு வரி முணுமுணுத்துவிட்டுக் கத்தினார்: "அய்யய்யோ, இது தமிழு! எழுத்து நம்முது, பேச்சு உங்குளுது!"

எல்லோரும் நைனாவைப் பார்த்தார்கள். நான் ஓடிப்போய் அவர் பக்கத்தில் நின்றுகொண்டேன். எதற்கு என்று தெரியவில்லை. அவர் என் தலைமேல் கையை வைத்தார்.

"எனக்குத் தமிழ் படிக்க வராதுண்ணா. படிச்சது எம் பொண்ணு. எழுதினதும் இவதான். ஒன்றரை வருசமா உங்களயெல்லாம் ஏமாத்திட்டேன். என்ன பஸ்ஸுல நிக்க வெச்சாலும் பரவால்ல, இவளுக்கு மட்டும் புக்க நிறுத்திடாதீங்க."

சூசையண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் வாயைத் திறப்பதற்குள் பின்வரிசையில் பீட்டர் எழுந்து நின்றார்.

"அண்ணா... என்னுதும் நான் எழுதல. நான் பஸ்ஸுல ஏறினாலே தூங்கிடுவேன், உங்களுக்குத் தெரியாதா?"

"யோவ், இத இப்ப சொல்லித்தான் ஆவணுமா?" என்றாள் பக்கத்தில் இருந்த பெண்.

அப்புறம் ஆளாளுக்கு எழுந்தார்கள். ஒருவருக்குத் தங்கை எழுதித் தந்தாளாம். ஒருவருக்கு அம்மா சொல்லச் சொல்ல அவர் எழுதினாராம். எண்ணிப் பார்த்தால், அன்றைக்கு மேடையேறிய பதினொரு பேரில் புத்தகத்தைத் தானே படித்தவர்கள் நான்கு பேர். சூசையண்ணன் மேடை ஓரத்தில் தொப்பென்று உட்கார்ந்தார். "அப்ப நான் ஒன்றரை வருசமா யாருக்குடா லைப்ரரி நடத்தினேன்?"

"எங்களுக்குத்தாண்ணா!" என்று கத்தினாள் பீட்டரின் மனைவி ஸ்டெல்லா. அப்போது கிளம்பிய சிரிப்பில் கேன்டீன் தகரக் கூரை அதிர்ந்தது. சூசையண்ணனும் சிரித்துவிட்டார், கண்ணைத் துடைத்துக்கொண்டே.

அவள் நேராக என்னிடம் வந்து, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு, மேலும் கீழும் பார்த்தாள். "நீதானா அந்த நாராயணப்பா?"

"நீங்கதானா பீட்டர் அண்ணன்?"

ஸ்டெல்லாக்கா என் கன்னத்தைக் கிள்ளினாள். அவள் விரல் நுனிகள் சிவந்திருந்தன. ராயக்கோட்டை மண்டியில் தக்காளி தரம் பிரிக்கும் வேலை. மத்தியானம் ஆட்கள் சாப்பிடப் போகும்போது பெட்டிமேல் உட்கார்ந்து படிப்பாளாம். "எனக்குக் கொட்டாவி வந்துச்சுன்னு எழுதினியே, ரெண்டு நாள் எனக்குச் சோறு எறங்கல, தெரியுமா?" என்றாள். கேசரித் தட்டோடு அவள் பக்கத்தில் உட்கார்ந்து நான் போட்ட சண்டையைப்போல ஒரு சண்டையை இன்றுவரை எந்த எழுத்தாளரோடும் போட்டதில்லை.

அடுத்த திங்கட்கிழமை சட்டம் மாறியது. யார் படித்தாரோ அவர் பெயர்தான் போட வேண்டும். "நா. வசந்தா, ஏழாம் வகுப்பு அ பிரிவு" என்று நான் எழுதினேன். பத்திரிகையில் பிறகு எத்தனையோ முறை என் பெயர் வந்துவிட்டது. அந்த அளவுக்கு நிறுத்தி நிதானமாக நான் அதை எழுதியதில்லை. நைனாவுக்கு ஜன்னல் சீட்டு போகவில்லை. கதை சொல்வது அவர் வேலை ஆகிவிட்டது. படிக்காதவர்களுக்கெல்லாம் சாயங்காலம் என்னிடம் கேட்டதைக் காலையில் அவர் சொல்வாராம். சூசையண்ணன் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்றைக்குக் காக்கிப் பையைத் திறந்து எல்லோருக்கும் ஒரு புத்தகம் கொடுத்தார். எனக்கு வந்தது அந்த லாரிக்காரன் கதை, அட்டையில் குங்குமக் கறையோடும், பின்னால் ஒட்டிய நைனாவின் கன்னட எழுத்துத் தாளோடும்.

அதைத்தான் மித்ரா எனக்குத் தெரியாமல் பல நாளாக வீட்டில் படித்துவந்து, கடைசியில் பைக்குள் போட்டு எடுத்துப்போனாள். அன்றைக்குப் பள்ளி வேன் வரவில்லை. நாலு ஸ்டாப்தானே என்று டவுன் பஸ்ஸில் வரச் சொல்லியிருந்தேன். நாலரைக்கு வர வேண்டியவள் ஐந்தரைக்கும் வரவில்லை. பள்ளியில் போனுக்கு அனுமதி இல்லை. பஸ் ஸ்டாண்டு, பள்ளி வாசல், அவள் தோழிகள் வீடு என்று ஸ்கூட்டரில் நான் அலைந்த அலைச்சலை விவரிக்கத் தெம்பில்லை. ஏழு மணிக்குத் தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. "ஏம்மா, உம் பொண்ணு இங்க ராயக்கோட்டை பஸ் ஸ்டாண்டுல ஒக்காந்து புக்கு படிச்சிக்கினு இருக்குது" என்றார் ஒரு தக்காளி வியாபாரி அம்மா. நாலாவது ஸ்டாப்பை விட்டு, உத்தனப்பள்ளியில் தாத்தா வீட்டையும் தாண்டி, பஸ் திரும்பி நின்ற இடத்தில் இறங்கி உட்கார்ந்திருக்கிறாள். "பத்துப் பக்கம்தாம்மா பாக்கி இருந்துச்சு" என்றாள், நான் போய்க் கட்டிக்கொண்டு அழுதபோது. தமிழை எழுத்துக்கூட்டிப் படிக்கிற பெண். பத்துப் பக்கம் அவளுக்கு ஒரு மணி நேரம்.

அவ்வளவு நேரம் அலைந்தும் எனக்குப் பசிக்கவில்லை, தண்ணீர்கூடக் குடிக்கத் தோன்றவில்லை. ஸ்டெல்லாக்கா எழுதியது தப்பு என்று முப்பது வருடம் கழித்துத் தெரிந்தது. போனில் அதைச் சொன்னபோது, "நீ தாயி, அவ பொண்டாட்டி. ரெண்டும் ஒண்ணா?" என்று இன்னும் விடாமல் சண்டைக்கு வந்தாள்.

மூன்று வாரமாக மித்ராவை நான்தான் ஸ்கூட்டரில் கொண்டுபோய் விட்டு, கூட்டிவந்தேன். கம்பெனி பஸ்கள் இப்போதும் எங்கள் ரோட்டில்தான் போகின்றன. ஏசி பஸ்கள், ஜன்னலுக்குக் கறுப்புக் கண்ணாடி, உள்ளே எல்லோர் காதிலும் ஒயர். எழுந்து நின்று வாசிக்கிறவர் யாரும் இல்லை, சூசையண்ணனும் இல்லை. அவற்றைக் கடக்கும்போதெல்லாம் பின்சீட்டில் இருந்து, "அம்மா, நாளைக்குப் பஸ்ஸுல போகட்டா?" என்று அவள் கேட்பதும், நான் ஹாரன் அடிப்பதும் வழக்கமாயிற்று.

நேற்று அந்தப் புத்தகத்தை அலமாரியில் வைக்கப் போனவள் சும்மா பின்னட்டையைத் திறந்து பார்த்தேன். என் பன்னிரண்டு வயதுக் கையெழுத்துக்கும் ஸ்டெல்லாக்காவின் குண்டு எழுத்துக்கும் கீழே மிச்சமிருந்த இடத்தில் நீல மையில் நான்கு வரி. தமிழ்தான், ஆனால் இங்கிலீஷ் எழுத்தில். இதற்காக அவளை நான் திட்டாத நாளில்லை. கூப்பிட்டேன்.

"தாத்தா மட்டும் எழுதலாமா?" என்று, எதிரே ஒட்டியிருந்த கன்னட எழுத்துத் தாளைக் காட்டினாள்.

உத்தனப்பள்ளிக்குப் போன் போட்டு நைனாவுக்கு அதை வாசித்துக் காட்டினேன். எதிர்முனையில் வெகு நேரம் சிரிப்பு. "புக்க நிறுத்திடாத பாப்பா" என்றார். "பஸ்ஸயுந்தான்."

இன்று காலை நாலாவது ஸ்டாப்பை இரண்டு முறை சொல்லி, கண்டக்டரிடமும் ஒரு முறை சொல்லி, மித்ராவைப் பஸ் ஏற்றிவிட்டேன். பையில் அடுத்த புத்தகம் இருக்கிறது. பின்னட்டையில் கோடு போட்ட தாளை நானே ஒட்டினேன். நாலரை ஆக இன்னும் இருபது நிமிடம். வாசலை இரண்டு முறை எட்டிப் பார்த்தாகிவிட்டது. மேஜையில் திறந்தே இருக்கும் அவள் மதிப்புரையைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன்:

"இந்தக் கதையை பஸ்ஸில் படிக்காதீர்கள். ஸ்டாப் தெரியாது. வீட்டில் தேடுவார்கள். ஆனால் படியுங்கள். — மித்ரா, எட்டாம் வகுப்பு."